நிலைபொருள்

ஒவ்வொரு காலையும் என் கணினிக்கு
2009 ஜனவரி ஒன்று.
எழுந்ததும் ஒரு விசையை அழுத்தச் சொல்கிறது.
அழுத்தினால்
பதினைந்து வருஷம் போனதே தெரியாமல்
வேலைக்கு உட்காருகிறது.

2009 ஜனவரி ஒன்றில்
நான் யாருக்கும் மனைவி இல்லை.
இப்போதும் இல்லை.
இடையில் நடந்ததை அது கேட்பதில்லை,
அந்த மட்டில் நல்ல கணினி.

ருஸ்தாவியில்,
காசு போட்டால் மட்டும் ஏறும் லிஃப்டுக்கு மேலே
ஏழாம் மாடியில்,
சலவை எந்திரக் கையேடுகளை
ஜெர்மனிலிருந்து ஜார்ஜிய மொழிக்கு மாற்றுகிறேன்.
"நுரை பொங்கினால் அணைக்கவும்."
"பூனை உள்ளே இல்லை என உறுதிசெய்யவும்."
இதற்கு எவ்வளவு வேகம் வேண்டும்?

தூக்கிப் போடு நெஸ்தான் என்கிறான் அக்கா புருஷன் பத்ரி.
ஆயிரத்தெண்ணூறு லரி, ஆறு தவணை, புதுசு.
அவன் கார் முன் பம்பர் இல்லாமல்
நாலு வருஷமாக ஓடுகிறது.
கேட்டால்
பம்பரா ஓட்டுகிறது, எஞ்சின்தானே என்கிறான்.

மூன்றாம் மாடி எதேரிக்கு வங்கியில் கணினி வேலை.
காசு வீணாக்காதே, பயாஸை மட்டும் புதுப்பி,
அப்புறம் பெரிய ப்ராசசரையும் ஏற்றுக்கொள்ளும் என்று
பென் டிரைவ் ஒன்றைக் கையில் திணித்தாள்.
வன்பொருளும் இல்லை, மென்பொருளும் இல்லை,
இரண்டுக்கும் நடுவில் பிடிவாதமாய் உட்கார்ந்திருப்பது
நிலைபொருள்.
எட்டு மெகாபைட்.
என் விவாகரத்துத் தீர்ப்பின் ஸ்கேனைவிடச் சின்னது.

கூடவே ஒற்றை வரிக் குறிப்பு:
"நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டுள்ளது."
எதன் நிலைத்தன்மை? எவ்வளவு?
முன்பு எது ஆடிக்கொண்டிருந்தது?
இப்படி ஒரு வரியை நான் எழுதிக் கொடுத்தால்
கம்பெனிக்காரன் பணம் தரமாட்டான்.

கீழே சிவப்பில்:
இரண்டு நிமிடம். நடுவில் மின்சாரம் போகக் கூடாது.

எங்கள் தெருவில்
இரண்டு நிமிடம் என்பது பெரிய வாக்குறுதி.
புல்வெளியிலிருந்து காற்று கிளம்பினால்
கம்பிகள் ஒன்றையொன்று திட்டிக்கொள்ளும்.
லிஃப்ட் ஏறும்போதெல்லாம்
சமையலறை பல்பு கண்ணை இடுக்கும்.

இரவு பதினொன்றரைக்கு உட்கார்ந்தேன்.
நீலத் திரை. ஆம். இல்லை.
அம்புக்குறியை ஆம் மேல் வைத்துவிட்டு
லிஃப்ட் ஓயக் காத்திருந்தேன்.
நாலாம் மாடிக்காரர் வந்தார்.
அவர் நாயை மறந்துவிட்டு வந்திருந்தார், திரும்பப் போனார்.
நாயோடு வந்தார்.
பிறகு நிசப்தம்.
அந்த நிசப்தத்தில்தான் பயம் பிடித்தது.
அணைத்துவிட்டேன்.

தூக்கம் வராமல் பெட்டியைத் திறந்தேன்.
விசிறியில் ஒரு கம்பளிச் சட்டைக்கு ஆகும் தூசி.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
தாய்ப்பலகையின் ஓரத்தில் பொடி எழுத்தைப் படித்தேன்:
திருத்தம் 1.0.
எதேரியின் கோப்பு 1.1க்கு.

ஆம் என்று அழுத்தியிருந்தால்,
ஒரு புள்ளிக்குப் பின்னால் ஓர் எண் பிசகி
பலகை செங்கல் ஆகியிருக்கும்.
கொஞ்ச நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.
கால் மரத்துப்போனது.

அப்புறம்தான் பார்த்தேன்,
மூலையில், விரல் நகத்தளவு,
காசு போல ஒரு பேட்டரி.
நெம்பினேன். வந்தது.

மறுநாள் சந்தை வாசலில் கடிகாரக் கடைக்காரர்
அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
எப்போதோ செத்துவிட்டது என்றார்.
புதுசு இரண்டு லரி.
திரும்பும்போது பையில் கை விட்டு
பழையதைத் தவறி லிஃப்டில் போட்டேன்.
துப்பிவிட்டது.
எங்கள் கட்டடத்தில்
நாணயம் அறிந்தது அது ஒன்றுதான்.

தேதி கேட்டது கணினி. சொன்னேன்.
பதினைந்து வருஷத்தை
மூச்சுக்கூட விடாமல் விழுங்கிக்கொண்டது.
வேகம்? அதே வேகம்தான்.
பத்ரி வந்தால் சிரிப்பான்.
பென் டிரைவை எதேரிக்கு இன்னும் கொடுக்கவில்லை.
1.0க்கும் ஒரு கோப்பு இருக்குமோ என்று
ஒரு மனசு.

நேற்று விட்ட பக்கத்தைத் திறந்தேன்.
அடுத்த வரி:
"பழுதை நீங்களே நீக்க முயலாதீர்கள்."

ஒரு சொல் கூடாமல் குறையாமல்
மாற்றினேன்.